எண்பத்தாறும் எண்பத்தேழும்

புளித்தண்ணீரை வடிகட்டி அடுப்பில் ஏற்றியாயிற்று. இனி எண்ணெய் பிரிந்து ஓரத்தில் நிற்கிற வரைக்கும் கலாமணி அங்கிருந்து நகர முடியாது, நகர்ந்தால் அடிப்பிடிக்கும், அடிப்பிடித்த புளிக்காய்ச்சலைப் பத்து நாள் வைத்துச் சாப்பிட முடியாது, அதுவும் மலை மேலே, நாலாம் நாளைக்குப் பிறகு நாக்கு செத்துப்போய்ப் பருப்பையும் சோற்றையும் பார்த்தாலே குமட்டுகிற இடத்தில். செப்டம்பருக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. இது வெள்ளோட்டம்தான், கெடாமல் எத்தனை நாள் நிற்கிறது என்று பார்க்க. ஆடிக்காற்று வடவள்ளி முழுவதையும் காலையிலிருந்து உலுக்கிக்கொண்டிருந்தது, சமையலறைச் சன்னலுக்கு ஒரு தாழ்ப்பாள் போதவில்லை என்று ஒரு கரண்டிக்காம்பைச் செருகி வைத்திருந்தாள். மேற்கே மலை இருக்க வேண்டிய இடத்தில் மேகம்தான் இருந்தது. கூடத்தில் சாப்பாட்டு மேசையில் தாரணி மடிக்கணினியைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தாள். பெங்களூரிலிருந்து சனி, ஞாயிறுக்கு வந்தவள், வந்த வேலையே இதுதான், அம்மா பக்கத்தில் இருக்கும்போது இந்த மலையேற்றப் படிவத்தை நிரப்பிவிட வேண்டும். கேள்வியை உரக்கப் படித்து, பதிலையும் தானே உரக்கச் சொல்லி, பிறகுதான் தட்டுவாள். அந்தப் பழக்கம் அப்பாவிடமிருந்து வந்தது. நாச்சிமுத்துவுக்கும் எதையும் சத்தம் போட்டுப் படித்தால்தான் புத்தியில் ஏறும், மின்சார பில்லைக்கூட மேடைப் பேச்சுப் போலத்தான் படிப்பார், பக்கத்து வீட்டுக்கே நம் வீட்டு யூனிட் கணக்கு தெரியும் என்று கலாமணி கேலி செய்வாள். இப்போது அதே ராகத்தில் மகள் படிக்கிறாள், பெயர், வயது இருபத்தாறு, ரத்த வகை ஓ பாசிடிவ். அதுவும் அப்பாவுடையது.

“அம்மா, பதிமூணாந்தேதி பேட்ச்சுல மூணே எடந்தான் இருக்குது. நானு, நிவேதா, அவ அண்ணன். இன்னைக்கே போட்டர்லாமா?”

“போடு கண்ணு.”

எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது வாயில், உப்புப் போடு என்பது போல. இமயமலையில் துங்மா கணவாய், பதினேழாயிரத்து நானூறு அடி. மூன்று வருஷத்துக்கு முன்னால் அவளும் நாச்சிமுத்துவும் சேர்ந்து போய், அவள் மட்டும் திரும்பி வந்த இடம். அப்பா விட்டதை நான் முடிக்கிறேன் என்று தாரணி போன தீபாவளிக்குச் சொன்னபோது வீடு நிறைய ஆள் இருந்தது, எல்லோருக்கும் கண் கலங்கியது, சித்தப்பா சிவராசு உடனே எழுந்து உனக்கு ஷூ நான் வாங்கித் தருகிறேன் என்றார், அத்தைமார்கள் கட்டிக்கொண்டார்கள். கலாமணியும் அழுதாள். அவள் அழுததற்குக் காரணம் வேறு என்று அங்கே யாருக்குத் தெரியும், அழுகைக்கு என்ன நிறமா இருக்கிறது. வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். பெற்றவள் வேண்டாம் என்றால் ஏன் என்று யாரும் கேட்கப்போவதில்லை, பயம் என்று நினைத்துக்கொள்வார்கள், ஆனால் தாரணி கேட்பாள், தாரணி ஒரு ஏனோடு நிறுத்துகிறவள் இல்லை. நேற்றுச் சாயங்காலம் தாரணி இந்தப் படிவத்தை அவள் போனுக்கு அனுப்பியிருந்தாள், சாப்பாடு பற்றி என்ன எழுதுவது என்று பார்க்கச் சொல்லி. கலாமணி சாப்பாட்டைப் பார்த்தாள், அப்படியே விரலால் தள்ளிக்கொண்டே போனாள், பதினாலாவதில் நின்றுவிட்டாள். உங்கள் ரத்த உறவில் யாருக்காவது உயரமான இடத்தில் நுரையீரலில் நீர் கோத்தது உண்டா. அந்த ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டிக் கூட்டி மூன்று முறை படித்தாள். ஆம் என்றால் ஒரு கட்டம், இல்லை என்றால் ஒரு கட்டம். இரண்டும் காலியாக, ஒரே அளவில், அருகருகே இருந்தன.

தாரணி இல்லை என்றுதான் போடுவாள். ஏனென்றால் நாச்சிமுத்துவுக்கு வந்தது மாரடைப்பு. ஊரே சொல்கிறது, உறவே சொல்கிறது, கீழே அந்தச் சின்ன ஊர் ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்த தாளும் சொல்கிறது, இதயம் நின்றதால் மரணம் என்று. சாகிற யாருக்குத்தான் இதயம் நிற்கவில்லை? அந்த டாக்டர் பாவம், தூக்கிக்கொண்டு வந்த உடம்பைப் பார்த்தார், வயது ஐம்பத்தாறு என்று கேட்டுக்கொண்டார், எழுதிவிட்டார். அவள் திருத்தவில்லை. அங்கே மொழி தெரியாது என்பது முதல் சாக்கு. இங்கே வந்த பிறகு மொழி தெரியாமல் இல்லையே. முதல் நாள் சொல்லியிருக்கலாம், மூன்றாம் நாள் சொல்லியிருக்கலாம், பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தவர்கள் எல்லாம் அவருக்கு நெஞ்சுவலி முன்னாலேயே இருந்ததா என்று துளைத்தபோது சொல்லியிருக்கலாம். அவள் தலையை ஆட்டினாள். அந்தத் தலையாட்டலை இருந்தது என்று சிலர் எடுத்துக்கொண்டார்கள், இல்லை என்று சிலர், ஆக மொத்தம் கேள்வி நின்றது. ஒரு வருஷம் கழித்து, யாருக்கும் தெரியாமல், ஆர்.எஸ்.புரத்தில் நுரையீரல் டாக்டர் ஒருவரைப் போய்ப் பார்த்தாள். தங்கச்சி வீட்டுக்காரருக்கு இப்படி ஆனது என்றாள், இல்லாத தங்கச்சிக்கு ஒரு வீட்டுக்காரரையும் உண்டாக்கி. நல்ல மனிதர், பொறுமையாகச் சொன்னார், சில பேருடைய உடம்பு வாகு அப்படிம்மா, எவ்வளவு தெம்பாக இருந்தாலும் வரும், வீட்டில் ஒருத்தருக்கு வந்திருந்தால் பிள்ளைகள் ஜாக்கிரதையாக இருப்பது நல்லது, நின்று நிதானமாக ஏறணும். பிள்ளைகள் என்றார். அவளுக்கு இருப்பது ஒன்று. அப்பாவின் நெற்றி, அப்பாவின் கணுக்கால், அப்பாவைப் போலவே தும்மினால் ஏழெட்டு முறை தும்மல், நுரையீரல் யாருடையது என்று பெற்றவள் எங்கே போய்ப் பார்ப்பாள்.

“ஏழு. இதுக்கு முன்னால ஏறின அதிகபட்ச உயரம். நம்ம தொட்டபெட்டாதான்,” என்று தாரணி தானே சிரித்துக்கொண்டாள். “அப்பாவும் இதையேதாம்மா எழுதியிருக்காரு. அவரு பிளானைத்தான் அப்படியே வெச்சிருக்கறேன். ஒரு நாளுகூட மாத்தல.”

மாற்று என்று சொல்ல வாய் வந்தது. எதை மாற்ற, ஏன் மாற்ற என்பாள். புளி கொதிக்க ஆரம்பித்திருந்தது, இன்னும் தண்ணீராகத்தான், ஓரங்களில் நுரை கட்டியது, கலாமணி கரண்டியால் அதை உள்ளே தள்ளினாள். அவர் பிளான். குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருந்தது அந்தத் தாள், எட்டு நாளுக்கு எட்டுக் கோடு, எங்கே தூக்கம், எத்தனை அடி, எவ்வளவு தூரம், சிவப்பு மையில் ஏற்றம், பச்சையில் இறக்கம். பம்ப்செட்டுக்கு வால்வு செய்கிற பட்டறைக்காரர், மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு பிசகினாலும் அவருக்கு ராத்தூக்கம் வராது, இமயமலையையும் அப்படித்தான் அளந்து வைத்திருந்தார். பார்த்தவர்கள் எல்லாம், நாச்சிமுத்துவுக்கு இந்த வயதில் என்ன கிறுக்கு, பாவம், கலாமணியையும் இழுத்துக்கொண்டு போகிறான் என்றார்கள். அவள் சிரித்தாள். அவரும் சிரித்தார். யாருக்கும் சொல்லவில்லை இரண்டு பேரும். திட்டம் அவருடையது, ஆசை அவளுடையது. எப்படிச் சொல்வது, இந்தப் பக்கத்தில் எந்தப் பெண் எழுந்து நின்று எனக்கு மலை ஏற வேண்டும் என்று சொல்லியிருக்கிறாள், கோயிலுக்குப் போகணும் என்று சொல்லலாம், மகளைப் பார்க்கப் போகணும் என்று சொல்லலாம், சும்மா ஏறணும், மேலே நின்று பார்க்கணும் என்றால் அவளுக்கு என்ன குறை என்று கேட்பார்கள். கல்யாணமாகி இருபத்தாறு வருஷம் சித்திரை தவறாமல் அவர் வெள்ளியங்கிரி ஏறினார், ஏழு மலை, கையில் மூங்கில் தடி, வெறுங்கால். பத்திலிருந்து ஐம்பது வயதுக்குள் பெண்கள் ஏறக்கூடாது என்பது வழக்கம். அவள் அடிவாரத்தில் பைகளையும் செருப்புகளையும் காத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், கொழுந்தனார் செருப்பு, பெரியவர் செருப்பு, பட்டறைப் பையன்கள் செருப்பு, மொத்தம் பதினாறு ஜோடி. மறுநாள் இறங்கி வருவார், முழங்கால் இரண்டும் வெடவெடவென்று ஆட, முகம் முழுக்கத் திருநீறு. மேலே எப்படி இருந்தது என்று ஆசையாகக் கேட்பாள். காத்து நல்லா அடிக்குது புள்ள, என்பார். அவ்வளவுதான். ஏழு மலை ஏறிவிட்டு வந்த மனிதருக்குச் சொல்ல இருந்தது அது ஒன்றுதான், வருஷா வருஷம் அதே காற்று. வயது ஐம்பது ஆனபோது, இனி நீயும் வரலாம் என்று அவர் சந்தோஷமாகச் சொன்னார். அவளுக்குக் கோபம்தான் வந்தது. யாரும் என்னைத் தடுக்காத மலையாகப் பார்த்துக் கூட்டிக்கொண்டு போங்கள் என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள், அவர் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை, ஒரு மாதம் கழித்து அந்தத் தாளோடு வந்து நின்றார். ஊருக்கு என் ஆசை என்றே சொல்லிக்கலாம், உன்னை ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, என்றார்.

“பத்து. ஆஸ்துமா? இல்லை. பதினொண்ணு. வலிப்பு? இல்லை. பன்னெண்டு, குடும்பத்துல இதய நோய்.” தாரணியின் குரல் கொஞ்சம் தாழ்ந்தது. “ஆம். அப்பா.” விசைகள் சத்தமிட்டன. கலாமணி தீயைக் குறைத்தாள், குறைக்க வேண்டிய நேரம் இன்னும் வரவில்லை, மறுபடி கூட்டினாள்.

விரல். எல்லாம் அந்த விரலில் வந்து நின்றுவிடுகிறது, எந்த வழியாக யோசித்தாலும். கொரோனா வருஷத்தில் வீட்டுக்கு வீடு ஒன்று வாங்கினார்களே, விரல்நுனியில் கவ்வுகிற ஆக்சிமீட்டர், அதுதான். அந்த வருஷம் தொண்ணூற்று நாலுக்குக் கீழே போனால் வீடே நடுங்கியது, கார் சாவியைத் தேடினார்கள். மலையில் அதே கருவி எண்பத்தைந்து காட்டினால் கை தட்டுகிறார்கள். எண்ணுக்கு மரியாதை போய்விட்டது அங்கே. தினமும் சாயங்காலம் சாப்பாட்டுக் கூடாரத்தில் வழிகாட்டி தேவிந்தர் நோட்டும் கையுமாக உட்காருவான், ஒவ்வொருவராக விரலை நீட்ட வேண்டும், எழுபத்தைந்துக்குக் கீழே யார் வந்தாலும் காலையில் ஓர் ஆளோடு கீழே இறக்கிவிடுவான், அதில் அழுகைக்கோ பணத்துக்கோ மசிகிறவன் இல்லை. கலாமணிதான் எப்போதும் முதலிடம். மூன்றாம் நாள் தொண்ணூறு காட்டியது. தேவிந்தர் என்னவோ சொல்லிச் சிரித்தான், நாச்சிமுத்து பட்டறையில் பீகார்க்காரப் பையன்களிடம் கற்றுக்கொண்ட இந்தியை வைத்து அதைப் பெயர்த்தார், “உன்ன மலைக்காரிங்கறான் புள்ள.” அன்று அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை. ஐம்பத்தொரு வயதில் முதல்முறையாக அவள் எதிலோ முதலாவதாக வந்திருந்தாள். ஐந்தாம் நாள் கற்குவியலுக்கு நடுவே கூடாரம் போட்டார்கள், மறுநாள் விடியுமுன் கணவாய். மத்தியானத்திலிருந்தே அவருக்கு இருமல். தலையைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தார். அவர்களுடைய சொந்தக் கருவியை எடுத்து அவர் விரலில் மாட்டினாள், அறுபத்தேழு. விரல் சில்லிட்டிருக்கிறது, அதனால்தான் என்று தேய்த்துச் சூடேற்றினாள், அதில் தப்பில்லை, தேவிந்தரே அப்படித்தான் செய்யச் சொல்வான், சில்லிட்ட விரல் பொய் சொல்லும். மறுபடி மாட்டினாள். அறுபத்தேழு. பேட்டரி போயிருக்கும் என்று தன் விரலில் மாட்டிப் பார்த்தாள். எண்பத்தாறு. பேட்டரி நன்றாகத்தான் இருந்தது. ஐந்து மணிக்கு ஆலங்கட்டியும் பனியுமாகக் கொட்ட ஆரம்பித்தது, சாப்பாட்டுக் கூடாரத்துக்கு யாரும் வர வேண்டாம், நானே வருகிறேன் என்று தேவிந்தர் கூடாரம் கூடாரமாக வந்தான். வாசல் ஜிப்பை ஒரு சாண் மட்டும் திறந்து வெளியிலிருந்தே கருவியை உள்ளே நீட்டினான். அங்கிள், என்றான். அவள் இடது கையை நீட்டினாள். வளையலை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வந்திருந்தாள், வெயிலிலும் குளிரிலும் கறுத்து வீங்கிய விரல், விரலுக்கு ஆணென்ன பெண்ணென்ன. எண்பத்தாறு என்று அவன் சொன்னது கேட்டது, எழுதினான். ஆண்ட்டி, என்றான். அவள் வலது கையை நீட்டினாள். எண்பத்தேழு. குட், குட் என்று சொல்லிவிட்டு அடுத்த கூடாரத்துக்குப் போய்விட்டான். அந்த நோட்டில் இருந்த எண்பத்தாறுதான் பிறகு எல்லோரையும் காப்பாற்றியது, தேவிந்தரைக் காப்பாற்றியது, அழைத்துப் போனவர்களைக் காப்பாற்றியது, அவளையும் காப்பாற்றியது. ஆக்சிஜன் நன்றாக இருந்திருக்கிறது, அப்படியென்றால் இதயம்தான் என்று சிவராசே அந்தப் பக்கத்தைப் படம் பிடித்துக்கொண்டு வந்து எல்லோருக்கும் காட்டினார். காப்பாற்ற வேண்டிய ஒருத்தரைத் தவிர மற்ற எல்லோரையும் அது காப்பாற்றிவிட்டது.

புளி தண்ணீர் வற்றிக் குழம்பாக ஆரம்பித்துவிட்டது. இப்போதுதான் அந்தச் சத்தம் வரும். அதற்குப் பயந்துதான் மூன்று வருஷமாக வீட்டில் புளிக்காய்ச்சலே காய்ச்சவில்லை, தாரணி கேட்டதால் இன்று வைத்தாள். கெட்டியான பிறகு குமிழி உடனே உடையாது, அடியிலிருந்து மெதுவாகக் கிளம்பி, மேலே வந்து, ஒரு நிமிஷம் தயங்கி, பிறகு ப்ளக் என்று உடையும். அன்றைக்கு அவர் நெஞ்சில் காதை வைத்தபோது கேட்டது அதுதான். சளி என்று நினைத்தாள். நினைத்தாளா, நினைத்துக்கொண்டாளா? தேவிந்தர் போன பிறகு அவர் கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தார், தூங்கவில்லை, அவள் இரண்டு கையையும் நீட்டியதைப் பார்த்தார். கோபப்படவில்லை. இருமி முடித்துவிட்டு, “போதும் புள்ள. எறங்கிக்கலாம்,” என்றார். இதைத்தான், இதை ஒன்றைத்தான் அவள் இத்தனை நாளும் சுற்றிச் சுற்றி வந்து தொடாமல் விட்டுப் போவாள். விரலைப் பற்றி ஆயிரம் முறை யோசிப்பாள், விரல் வரைக்கும் ஒரு மனைவி கணவனுக்காகச் செய்தது என்று சொல்லிக்கொள்ள இடம் இருக்கிறது, அவர் கனவு, பாவம், ஏமாந்து போகக் கூடாதே என்று. ஆனால் அது அவர் கனவு இல்லையே. அவர் இறங்கிவிடலாம் என்றார். அவள் என்ன சொன்னாள்? “இன்னும் ஒரு நாள்தானுங்க. காத்தால எல்லாஞ் சரியாப் போயிரும்,” என்றாள். அவர் சரி என்றார். அவள் கேட்டு அவர் இல்லை என்று சொன்னதே கிடையாது, அந்த ஒரு முறை சொல்லியிருந்தால் என்ன, கத்தியிருந்தால் என்ன, செத்துப்போகிற நேரத்திலுமா ஒரு மனிதன் பெண்டாட்டி பேச்சைக் கேட்பான். இப்படி அவர்மேலேயே கோபம் வரும் அவளுக்கு, வந்த உடனே வெட்கமும் வரும். மறுநாள் எப்படித்தான் நடந்தாரோ. பத்தடிக்கு ஒரு முறை நின்றார். கணவாய்க்கு இன்னும் இருநூறு அடி இருக்கும்போது ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டார், தேவிந்தர் முன்னால் போகிறவர்களோடு இருந்தான், பின்னால் வருகிறவர்களைக் கூட்டி வரும் ஆள் அவர் பக்கத்தில் உட்கார்ந்தான். நீ போயிட்டு வா புள்ள, நான் கொஞ்சம் இருக்கறேன், என்று கையை ஆட்டினார். அவள் போனாள். போகவும் வரவும் சேர்த்து இருபது நிமிஷம். மேலே வரிசையாகக் கொடிகள் படபடத்தன, அந்தப் பக்கம் மலைக்குப் பின்னால் மலை, அதற்குப் பின்னாலும் மலை, யாரும் இறங்கு என்று சொல்லவில்லை, யாருடைய செருப்பும் அவள் காலடியில் இல்லை. சந்தோஷமாக இருந்தாள். அதுதான் கொடுமை. வாழ்க்கையிலேயே அவ்வளவு சந்தோஷமாக அவள் இருந்ததில்லை. காத்து நல்லா அடிக்குதுங்க என்று அவரிடம் சொல்லிச் சிரிக்க வேண்டும் என்று மனசுக்குள் வைத்துக்கொண்டு ஓட்டமாக இறங்கி வந்தாள். அவர் உதடு நீலமாக இருந்தது, வாயோரத்தில் இளஞ்சிவப்பு நுரை. அவளைப் பார்த்தார், பேச்சு வரவில்லை. பிறகு தேவிந்தர் கத்திக்கொண்டு ஓடி வந்தது, ஆக்சிஜன் உருளை, நாலு பேர் தூக்கியது, எல்லாம் நடந்தது, கீழ்க் கூடாரத்துக்கு அரை மணி நேரம் இருக்கையில் முடிந்துவிட்டது. இரண்டு பேரும் கணவாயைத் தொடவில்லை என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

“பதினாலு,” என்றாள் தாரணி.

கலாமணி அடுப்பை அணைத்தாள்.

தாரணி ஆங்கிலத்தில் படித்தாள், பிறகு தமிழில் தனக்கே சொல்லிக்கொண்டாள். “உசரத்துல நெஞ்சுல தண்ணி கோக்கறது. அது நம்ம வீட்டுல யாருக்கும் இல்ல. அப்பாவுக்கு ஹார்ட்டு, அதத்தான் பன்னெண்டுல போட்டாச்சே. இல்லை.”

“போடாத.”

“என்னம்மா?”

கூடத்து வாசற்படியில் வந்து நின்றாள். கையில் கரண்டி இருந்தது, அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. “இல்லைன்னு போடாத கண்ணு. உங்கப்பாவுக்கு அதுதான். ஹார்ட்டு இல்ல.”

“டாக்டர் எழுதிக் குடுத்திருக்காரு?”

“அவருக்குத் தெரியாது. நான் சொல்லல.”

தாரணி நாற்காலியைத் திருப்பிக்கொண்டாள். வேலையில் ஏதாவது பிசகு கண்டால் அவள் அப்பாவுக்கும் இப்படித்தான் புருவம் ஒன்றாகும். “அதெப்படி? முந்தின நாளு ஆக்சிஜன் நல்லா இருந்துச்சல்லோ. எண்பத்தாறு. சித்தப்பா போன்ல இன்னமும் போட்டோ இருக்குது, நானே பாத்தேன்.”

“அது என்ற கை.”

“புரியல.”

“எண்பத்தாறும் என்ற கை, எண்பத்தேழும் என்ற கை. வெளிய பனி கொட்டுச்சு, கூடாரத்துக்குள்ள இருந்து ரெண்டு கையையும் நான்தான் நீட்டுனேன். உங்கப்பாவுக்கு அறுபத்தேழு.” மூன்று வருஷமாகச் சொல்லிப் பார்த்து வைத்திருந்தது, நாலு வாக்கியத்தில் முடிந்துவிட்டது. இவ்வளவு சின்னதா அது? டாக்டர் சொன்னதையும் சொன்னாள், உடம்பு வாகு, பிள்ளைகள் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்றது, கடகடவென்று, தாரணி எழுந்து போய்விடுவதற்குள் சொல்லி முடித்துவிட வேண்டும் என்பது போல.

தாரணி எழுந்து போகவில்லை. அசையாமல் அம்மாவின் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கலாமணிக்கு அவற்றை முந்தானைக்குள் மறைத்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது, மறைக்கவில்லை.

“அப்பா உன்னக் கேட்டாரா?” என்றாள் தாரணி. குரல் கெஞ்சுகிற குரலாக இருந்தது. “அப்பாதான் அப்படிப் பண்ணச் சொன்னாரா?”

இதோ இருக்கிறது வழி. மகளே திறந்து வைத்துவிட்டாள். ஆமாம் கண்ணு, அவர்தான் கெஞ்சினார், இவ்வளவு தூரம் வந்துவிட்டுத் திரும்ப மாட்டேன் என்றார், என்னால் மறுக்க முடியவில்லை, என்று சொன்னால் போதும், தாரணி ஓடி வந்து கட்டிக்கொள்வாள், இரண்டு பேரும் சேர்ந்து அழலாம், அப்பா பிடிவாதக்காரர், அம்மா பாவம், என்று கதை அழகாக முடிந்துவிடும். படிவத்துக்கும் அது போதும், உடம்பு வாகு தெரிந்தாயிற்று, ஆம் என்ற கட்டத்தில் தட்டப்போகிறாள், அவள் உயிருக்கு இனி இதற்கு மேல் உண்மை தேவையில்லை. அவரும் ஒன்றும் சொல்ல மாட்டார். அவள் ஆசைக்கு ஊர் முன்னால் தன் பெயரைக் கொடுத்த மனிதர், இதற்கும் கொடுப்பார், எடுத்துக்க புள்ள என்பார். அவர் அப்படிச் சொல்வார் என்று நினைத்தபோதுதான் அவளால் முடியாமல் போனது. இறங்கிவிடலாம் என்று அவர் கேட்டது ஒரே ஒரு முறை. அதையும் அவர் கேட்கவே இல்லை என்று ஆக்கிவிட்டால் அவர் அந்த மலையில் பேசியதாக என்ன மிஞ்சும்.

“இல்ல,” என்றாள். “அவரு எறங்கிக்கலாம்னாரு. எனக்குத்தான் மேல போகோணும்னு இருந்துச்சு.”

காற்று சன்னலை ஒரு முறை அடித்துத் திறந்தது, கரண்டிக்காம்பு சமையலறைத் தரையில் விழுந்து உருண்டது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கணவாய்க்குப் போய் வந்த இருபது நிமிஷத்தையும் சொல்லிவிடலாமா என்று கலாமணி யோசித்தாள். சொல்லவில்லை. அது தாரணிக்கு எதற்கும் உதவாது. அதை அவள்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

தாரணி நாற்காலியை மேசைப் பக்கம் திருப்பினாள். பதினாலில் ஆம் என்று தட்டினாள். விவரம் கேட்டுப் புதிதாக ஒரு கட்டம் திறந்திருக்க வேண்டும், அதில் நிறைய எழுதினாள், முதல்முறையாகச் சத்தம் போட்டுப் படிக்காமல் எழுதினாள். மூக்கை உறிஞ்சுவது மட்டும் கேட்டது. கலாமணி படியிலேயே நின்றாள். உள்ளே போகவும் முடியவில்லை, கிட்டே போய் அந்தத் தலையைத் தொடவும் துணிவில்லை.

“ரெண்டு நாளு சேத்திக்கறேன்,” என்றாள் தாரணி, திரையைப் பார்த்தபடியே. “மூணாவது நாளு ஒண்ணு, அஞ்சாவது நாளு ஒண்ணு. சும்மா தங்கறதுக்கு. போறதுக்கு முன்னால டாக்டரையும் பாத்தர்றேன்.”

“சரி கண்ணு.”

“நிவேதாகிட்ட சொல்லியர்றேன். அவுங்களுக்கு லீவு கெடைக்கலைன்னா நான் வேற பேட்ச் பாத்துக்கறேன்.”

“சரி.”

பிழைத்துக்கொள்வாள். நின்று நிதானமாக ஏறுவாள், தலை வலித்தால் வலிக்கிறது என்று சொல்வாள், அவள் விரலை அவளே நீட்டுவாள். இதற்காகத்தானே சொன்னது, வேறு எதற்கு. கலாமணி தனக்குத்தானே இதைச் சொல்லிக்கொண்டாள், மறுபடி சொல்லிக்கொண்டாள், நெஞ்சில் அது போய் உட்காரவில்லை.

“பதினஞ்சு. கடைசி,” என்றாள் தாரணி. குரலைச் செருமிக்கொண்டு அப்பாவின் ராகத்தில் படிக்கப் பார்த்தாள், ராகம் வரவில்லை. “ஏதாவது ஒண்ணுன்னா யாரைக் கூப்பிடோணும். பேரு, ஃபோன் நம்பர்.”

பெயரிலிருந்து ரத்த வகை வரை எல்லாவற்றுக்கும் தானே பதில் சொல்லி வந்தவள் இதற்கு நின்றாள். விசைகளின் மேல் விரல்கள் அப்படியே இருந்தன. கலாமணியின் எண் அவளுக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும், பத்து வயதில் மனப்பாடம் செய்தது, பள்ளிக்கூடத்திலிருந்து கல்லூரி வரைக்கும் இந்தக் கேள்விக்கு அவள் எழுதியது அது ஒன்றைத்தான்.

“சித்தப்பா நம்பர் சொல்லு,” என்றாள் தாரணி.

கலாமணி சொன்னாள். பத்து இலக்கத்தையும் ஒவ்வொன்றாக, அவள் தட்டுவதற்கு அவகாசம் விட்டு, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். தாரணி அதைத் திரும்பப் படித்துக் காட்டினாள், ஏழாவது இலக்கம் நாலா அஞ்சா என்று கேட்டாள்.

“நாலு,” என்றாள் கலாமணி.